தகர வேலை கற்க எங்கே சேருவது?

போன மே மாதம் ஒரு தகப்பனார் மகனைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பையனுக்குப் பழைய ராணுவ ஜீப் என்றால் உயிர். துருப்பிடித்த பாடியை வெட்டிப் புதுத் தகடு வைப்பதும், காணாமல் போன கருவிப்பெட்டிகளைத் திரும்பச் செய்வதும்தான் தன் தொழில் என்று முடிவு செய்திருந்தான். தகப்பனாரோ பக்கத்து வீட்டுப் பையன் படித்தானென்று, கம்ப்யூட்டரில் டிசைன் வரையும் ஆறு மாத கோர்ஸுக்கு முன்பணமே கட்டிவிட்டார். வருடத்துக்கு நாலைந்து பேர் இப்படி வருகிறார்கள். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஐ.டி.ஐ. பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நம் திண்டுக்கல்லிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பொதுவாக ஃபிட்டர் 2 வருடம். வெல்டர், ஷீட் மெட்டல் ஒர்க்கர் இரண்டும் 1 வருடம். வெல்டருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முடித்தபின், அறிவிப்பு வரும்போது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸாக விண்ணப்பிக்கலாம். விஜயந்தா டாங்கிகளைச் செய்த இடம் அது. ஜோங்கா ராணுவ வண்டிகளைச் செய்த ஜபல்பூர் தொழிற்சாலையும் அதுவும் 2021 அக்டோபரிலிருந்து ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. டிப்ளமோ படிப்பு மேற்பார்வை வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு நல்லது.

அந்த ஆறு மாத கோர்ஸைப் பற்றித்தான் உரக்கச் சொல்ல வேண்டும். வரையத் தெரிவதில் தவறில்லை. தகட்டைத் தொடாமல் வரைய மட்டும் கற்பதுதான் ஆபத்து. இரண்டு வருடம் முன்பு அப்படிப் படித்த ஒரு தம்பி என்னிடம் வேலைக்கு வந்தான். போர்க்கால ஜீப் ஒன்றுக்கு, பின்சக்கரங்களுக்குப் பின்னால் இரு மூலையிலும் இருக்கும் கருவிப்பெட்டிகளைச் செய்ய வேண்டியிருந்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி. அதன் அளவுகள் தேடினால் கிடைத்துவிடும். தம்பி அவற்றை எடுத்து ஒரு பக்கத்தை வரைந்தான், மறுபக்கத்தைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பினான், லேசரில் வெட்டக் கொடுத்தான். வந்த தகடுகளின் ஓரம் அவ்வளவு சுத்தம்.

இடது பெட்டி உட்கார்ந்தது, மூடி மட்டும் லொடலொடவென்று ஆடியது. 18 கேஜ் தகடு 1.2 மி.மீ. கனம், ஒவ்வொரு செங்கோண மடிப்புக்கும் விரிப்பளவில் ஏறக்குறைய 2 மி.மீ. கழிக்க வேண்டும், அதுவும் மடிக்கிற டைக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறும். அதை அவன் கழிக்கவில்லை. வலது பெட்டி சக்கர வளைவில் இடித்து முக்கால் அங்குலம் வெளியே நின்றது. எண்பது வருடத்தில் எத்தனையோ முறை அடிபட்டு, தட்டி, ஒட்டுப்போட்ட வண்டிக்கு இரண்டு பக்கமும் எப்படி ஒன்றாக இருக்கும்? அவன் வரைந்தது தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய ஜீப். வாசலில் நின்றது வேறு ஜீப். அட்டையை வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பையன். அட்டையை வைத்துப் பார் என்று அந்த கோர்ஸில் யாருமே சொல்லித் தரவில்லை. அதற்குத்தான் பெற்றவர்கள் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறார்கள்.

என்னைக் கேட்டால் பீரோ பட்டறைதான். நானும் அங்கேதான் கற்றேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் பேசுகிறோம். இங்குள்ள பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரிலேயே இரும்புத் தளவாடங்களும் சேர்ந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பூட்டும் பெட்டியும் இந்த ஊரில் ஒரே கை. பீரோ கதவு தொங்காமல் நிற்கவும், விளிம்பை மடித்து அடிக்கவும், கொண்டி நேராகப் பூட்டில் விழவும் பழகியவனுக்கு ஜீப் பெட்டி புதிதல்ல. அடியில் நீர் வடியத் துளை போடுவது, பாடிக்கும் பெட்டிக்கும் நடுவே ரப்பர் வைப்பது, ஓரிடத்தில் சூடு சேர்ந்து தகடு நெளியாதபடி தள்ளித் தள்ளி டாக் வெல்டு வைப்பது, துத்தநாகப் பூச்சை உரசி எடுக்காமல் ஜி.ஐ. தகட்டில் வெல்டிங் வைத்தால் அந்தப் புகையில் காய்ச்சல் வரும் என்பது எல்லாம் அங்கே பார்த்தும் பட்டும் தெரிந்தவை.

எனக்கு முதல் எட்டு மாதம் தகடு நிமிர்த்துவதும் அரம் போடுவதும்தான் வேலை. அழுதிருக்கிறேன். தம்பிகளே, அந்த எட்டு மாதத்தை வீண் என்று நினைக்காதீர்கள். கைக்கு எது வருகிறதென்று பார்த்துச் சேருங்கள். ஊர் எதைச் சொல்கிறது, சம்பளம் எங்கே சீக்கிரம் என்று பார்த்துச் சேராதீர்கள். அம்மா அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: பணம் கட்டுவதற்கு முன்னால் பிள்ளையை ஒரு வாரம் ஏதாவது பட்டறையில் நிற்க வையுங்கள்.

மே மாதம் வந்த அந்தப் பையனிடம் ஒரு ஜாண் தகட்டையும் கொட்டாப்புளியையும் கொடுத்து, கால் அங்குலம் விளிம்பு மடிக்கச் சொன்னேன். இரண்டு முறை நெளிந்தது. மூன்றாவதை முடித்ததும் யாரும் சொல்லாமலே மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். தகப்பனார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.