ஊசி போட்ட பிறகு யார் இருப்பார்கள்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். என் வேலை பெரும்பாலும் அந்தச் சாலையில்தான் ஓடுகிறது. நான் மயக்கவியல் மருத்துவர்; ஊர் வழக்கில் மயக்க டாக்டர். சிறு நகரத்தில் எங்களுக்கு ஒரே ஆஸ்பத்திரி என்று அமைவது அபூர்வம். காலையில் இந்த ஊரில் ஒரு சிசேரியன், மதியம் அந்த ஊரில் ஒரு குடலிறக்க ஆபரேஷன், ராத்திரி யார் கூப்பிடுவார்களோ தெரியாது. பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் எபிடியூரல் பற்றி எந்தக் கர்ப்பிணி கேட்டாலும், இந்த ஓட்டத்தைத்தான் முதலில் சொல்கிறேன். ஊசி போட எனக்குக் கால் மணி நேரம் போதும். அதற்குப் பிறகு ஐந்து மணி நேரமோ பத்து மணி நேரமோ, குழந்தை பிறக்கும்வரை அவள் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு ஊரிலும் தட்டுப்பாடு அந்த ஆளுக்குத்தான்.

எபிடியூரல் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. அந்த உறைக்கு வெளியே மெல்லிய இடைவெளி இருக்கிறது. இடுப்புக்கு நேரே, இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தினால், நம் பெண்களில் பலருக்குத் தோலிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரில் அந்த இடம் வந்துவிடும். சலைன் நிரப்பிய சிரிஞ்சை ஊசியில் மாட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே மெல்ல நகர்த்துவோம். தசைநாருக்குள் இருக்கும்வரை சிரிஞ்ச் அசையாது. இடைவெளிக்குள் நுழைந்த நொடியில் தடை விலகி நீர் உள்ளே இறங்கும். அந்த விலகலை விரல்தான் சொல்லும், கண்ணுக்குத் தெரியாது. 1921-இல் ஸ்பெயினின் ராணுவ மருத்துவர் ஃபிடேல் பஹேஸ் இடுப்பு எபிடியூரலைப் பற்றி எழுதினார். 1947-இல் கியூபாவின் மானுவேல் மார்ட்டினெஸ் குர்பெலோ ஊசி வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வழிகாட்டினார். இன்றும் அந்தக் குழாய்தான். ஊசியை அப்போதே உருவிவிடுவோம். பிரசவம் முடியும்வரை முதுகில் ஊசி குத்திக்கொண்டே இருக்கும் என்று பயந்து வேண்டாம் என்றவர்கள் உண்டு. அந்தக் குழாயைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் பயம் பாதி குறைகிறது.

உட்காரும் விதத்தில்தான் பாதி வேலை முடிகிறது. வலியில் துடிக்கிற பெண்ணிடம் 'முதுகை வளை' என்றால் எப்படி வளைப்பது என்று அவளுக்குத் தெரியாது. அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற மாதிரி குனிம்மா என்றால் உடனே சரியாகக் குனிந்துவிடுகிறாள். எதிரே அம்மாவோ மதினியோ நின்று தோளைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. வலி வந்து உச்சத்துக்குப் போய் இறங்கும் வரை நான் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்பேன். அடுத்த வலிக்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மூன்று நிமிடத்தில்தான் ஊசி நகரும். 'மேடம், அசைஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு' என்பார்கள். வலி வரப்போகிறது என்று முன்னாடியே சொல்லிவிடு, நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று பேசி வைத்துக்கொள்வோம். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அவள் பயப்படுவதில்லை.

குழாய் உள்ளே போனதும் எல்லோரும் மூச்சு விடுவார்கள். என் கவனம் கூடுவது அப்போதுதான். முதலில் சிறு அளவு சோதனை மருந்து. குழாய் தவறி ரத்தக்குழாய்க்குள்ளோ தண்டுவட நீருக்குள்ளோ போயிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மருந்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுப்போம். முதல் அரை மணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி. பார்க்க வேண்டும். குழந்தையின் இதயத்துடிப்பைக் கருவி தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். தாயின் பி.பி. இறங்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். உடனே இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்து, டிரிப்பை வேகமாக்கி, தேவைப்பட்டால் பி.பி. ஏற்றும் மருந்து கொடுத்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். யாரும் கவனிக்காமல் அரை மணி நேரம் கழிந்தால் அதுவே ஆபத்து. எபிடியூரலுக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி இந்தக் கவனக்குறைவால் வந்தது என்பது என் கருத்து.

பதினைந்து, இருபது நிமிடத்தில் வலி அடங்கத் தொடங்கும். எல்லோருக்கும் முழுதாக அடங்கும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. பத்தில் ஒருவருக்குப் போதுமான அளவு பிடிக்காது. ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போகும், அல்லது அடிவயிற்றில் ஓரிடத்தில் வலி மிஞ்சும். குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, படுக்கையை மாற்றி, கூடுதல் மருந்து கொடுத்தால் பலருக்குச் சரியாகும். சிலருக்குக் குழாயை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டிவரும். இதற்கும் ஆள் அங்கேயே இருந்தால்தான் முடியும்.

குடும்பத்தார் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். 'டாக்டரம்மா, முதுகுல ஊசி போட்டா காலம் பூரா முதுகு வலி நிக்குமாமே?' ஊசி குத்திய இடம் சில நாள் நோவும். நாள்பட்ட முதுகுவலிக்கும் எபிடியூரலுக்கும் தொடர்பில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. பத்து மாதம் சுமந்த உடம்பு, குனிந்து பால் கொடுக்கிற கழுத்து, இரவு முழுதும் குழந்தையைத் தூக்கி நடக்கிற இடுப்பு, இவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு. 'ஊசி போட்டா சிசேரியன்ல கொண்டுபோய் விட்ருமா?' 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, வலி தொடங்கிய ஆரம்பத்திலேயே தண்டுவட வழி வலிநிவாரணம் கொடுத்தாலும் சிசேரியன் கூடுவதில்லை என்று காட்டியது. அடர்த்தியான மருந்து கொடுத்த காலத்தில் கால்கள் முழுக்க மரத்து, முக்க முடியாமல், ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவங்கள் கூடின என்பது உண்மை. இப்போது புபிவக்கைனை 0.1 சதவீதம் அளவுக்கு நீர்க்கச் செய்து, சிறிது ஃபென்டனைல் சேர்த்துக் கொடுக்கிறோம். வலி போகும், காலை அசைக்க முடியும், அழுத்தம் தெரியும், முக்கவும் முடியும். முக்கும் கட்டம் சற்று நீளலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வெளியே காத்திருப்பவர்கள் பதறுவதில்லை.

'நான் நாலு பெத்தேன், ஒரு ஊசி போட்டதில்ல' என்று சொல்லும் மாமியார்களிடம் நான் எதிர்வாதம் செய்வதில்லை. அவர்கள் பட்டது பெரும்பாடு. அதை மதித்துவிட்டுத்தான், இந்தப் பெண்ணுக்கு அது வேண்டாமே அத்தை என்று சொல்ல முடியும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் தலைப்பிரசவம். கர்ப்பப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்த நிலையில், 'வெட்டி எடுத்துருங்க, என்னால முடியாது' என்று கதறினாள். கணவரும் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். எபிடியூரல் போட்டோம். அரை மணியில் தூங்கிவிட்டாள். எழுந்தபோது வாய் முழுதாகத் திறந்திருந்தது. சுகப்பிரசவம். தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதற்குக் காரணங்கள் பல. வலிக்குப் பயந்து கேட்டு வாங்கும் சிசேரியனும் அதில் உண்டு என்பதை இரண்டு ஊர் லேபர் வார்டுகளிலும் கண்ணால் பார்க்கிறேன்.

தலைவலி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நூறில் ஒருவருக்கு ஊசி உறையைத் துளைத்து, தண்டுவட நீர் கசிந்து, ஓரிரு நாளில் கடுமையான தலைவலி வரலாம். உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் குறையும். அதுதான் அடையாளம். பிள்ளை பெற்றவளுக்கு ஈரக்காற்று பட்டுவிட்டது, பனி இறங்கிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஊசி போட்டவரைக் கூப்பிடுங்கள். மாத்திரைக்குக் கேட்காவிட்டால் அவளுடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அதே இடத்தில் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. காய்ச்சலோ, கழுத்து விறைப்போ, கால் பலவீனமோ, வலிப்போ சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எல்லா நேரமும் நான் எபிடியூரல் போடுவதும் இல்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வண்டி நகராது. அங்கே ஒருத்திக்குக் குழாய் போட்டுவிட்டு, ராஜபாளையத்து அவசரத்துக்கு ஓடினால் திரும்பி வர முடியாது. அப்படிப்பட்ட நாளில் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுவேன். இரண்டாம் பிரசவமாக இருந்து, கர்ப்பப்பை வாய் வேகமாகத் திறந்துகொண்டிருந்தால், தண்டுவட நீருக்குள் ஒரே முறை மிகக் குறைந்த மருந்து கொடுக்கும் முறை உதவும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குள் குழந்தை வந்துவிடும். அதற்கும் பி.பி. பார்க்க ஆள் வேண்டும்தான், ஆனால் ராத்திரி முழுக்க அல்ல. அதுவும் இல்லாத இடத்தில் நடக்க விடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், அவள் விரும்பும் ஒரு பெண்ணை உடன் இருக்க விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகளில் கேட்பவருக்கு எபிடியூரலும் இருக்கிறது, பிரசவத் துணையும் இருக்கிறது.

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்ததும் இதைப் பேசிவிடுங்கள். வலி எடுத்த பிறகு இரண்டு குடும்பமும் வராந்தாவில் நின்று வாதாடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. எட்டாம் மாதத்தில் மயக்க டாக்டரை ஒருமுறை நேரில் பாருங்கள். ரத்தத்தட்டு எண்ணிக்கை குறைவா, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போடுகிறீர்களா, இதய நோய் உண்டா, முதுகில் ஆபரேஷன் நடந்திருக்கிறதா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். சிலருக்கு எபிடியூரல் கூடாது. பி.பி. அதிகமுள்ள சிலருக்கு அது மிகவும் நல்லது. பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்: குழாய் போட்ட பிறகு மயக்க டாக்டர் எங்கே இருப்பார்? அவர் வெளியே போனால் யார் பார்ப்பார்கள்? நடுராத்திரியில் சிசேரியன் தேவைப்பட்டால் அங்கேயே நடக்குமா? செலவில் குழாய், கூடுதல் மருந்து, டாக்டர் கட்டணம் எல்லாம் அடக்கமா? பதில் மழுப்பலாக இருந்தால் அங்கே எபிடியூரல் வேண்டாம். மதுரை எழுபது, எண்பது கிலோமீட்டர். அங்கே போவதாக இருந்தால் வலி வருவதற்கு முன்பே போய்விடுங்கள்.

பணம் உள்ளவர்கள் மதுரைக்குப் போய்க்கொள்வார்கள். மில்லிலும் தறியிலும் நின்று வேலை பார்க்கும் பெண்கள் போக முடியாது. அவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிதான். தமிழ்நாட்டின் சீமாங் எனப்படும் அவசரகாலத் தாய்-சேய் நல மையங்களில் அவசர சிசேரியனுக்கு இரவு பகலாக ஏற்பாடு இருப்பது பெரிய சாதனை. அதே அக்கறையோடு, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்கென்றே தனியாக ஒரு மயக்க மருத்துவரை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் அரசு நியமிக்க வேண்டும்.