கோதுமைக்குப் பயிர் சுழற்சி: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த கையோடு கோதுமை, கோதுமை அறுத்த கையோடு நெல் என்றே நிலம் ஓடுகிறது. கோதுமை எத்தனை தூர் கட்டும், மணி எவ்வளவு திரளும் என்பதில் அதற்கு முன்னால் நின்ற பயிருக்கும் பங்குண்டு. அங்கே சுழற்சியை மாற்ற நினைப்பவர் இப்படித் தொடங்கலாம்.

படி 1: மண்ணைக் குத்திப் பாருங்கள்

ஈரம் இருக்கும்போது இரும்புக் கம்பியை மண்ணில் இறக்குங்கள். 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் முட்டி நின்றால், நெல்லுக்காகச் சேறடித்து இறுகிய அடுக்கு அது. கோதுமை வேர் அதற்குக் கீழே போகத் திணறும்.

படி 2: முன்பயிரைத் தேர்ந்தெடுங்கள்

குறுகிய காலத் துவரையின் ஆணிவேர் ஆழத்தில் இறங்கும். உதிரும் இலை உரமாகும். பயறுச் செடியின் வேர் முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கிறது என்று பொருள். பல நாட்டு வயல் சோதனைகளைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், கோதுமைக்குப் பின் மீண்டும் கோதுமை போடுவதைவிட, பயறு வகைக்குப் பின் போட்டால் ஹெக்டேருக்குச் சராசரியாக 1.2 டன் கூடுதலாகக் கிடைத்தது. நெல்லும் கோதுமையும் மாறி வரும் நிலத்தில் இதே அளவை எதிர்பார்க்க வேண்டாம்.

படி 3: தேதியைக் காப்பாற்றுங்கள்

நவம்பர் முதல் பாதிக்குள் விதைப்பு முடிய வேண்டும். தாமதித்தால் தூர் குறையும். மணி பால் பிடிக்கும்போது மார்ச் வெயில் தாக்கி மணி சுருங்கும். அதனால் நீண்ட காலத் துவரை இங்கே ஒத்துவராது. செப்டம்பரில் அறுவடையாகும் மக்காச்சோளம் போதிய அவகாசம் தரும். சேறடிக்கும் வேலையும் இல்லை.

படி 4: களையின் சங்கிலியை அறுங்கள்

‘குல்லி டண்டா’ புல் இளம் பருவத்தில் கோதுமை போலவே இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் தண்டின் அடிப்பகுதி சிவந்திருக்கும். 1990-களிலேயே இது களைக்கொல்லிக்கு அசராத புல்லாகிவிட்டது. ஒரு குளிர்காலம் கோதுமைக்குப் பதில் பெர்சீம் தீவனம் போடுங்கள். தீவனத்துக்காக அடிக்கடி அறுக்கும்போது களையும் விதை கட்டாமல் போகும்.

படி 5: ஒரு பகுதியில் மட்டும் தொடங்குங்கள்

நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசுக் கொள்முதல் உண்டு. மற்ற பயிர்களுக்கு அந்த உறுதி குறைவு. ஆகவே மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் மட்டும் மாற்றுங்கள்:

- முதல் ஆண்டு: நெல், பெர்சீம்
- இரண்டாம் ஆண்டு: மக்காச்சோளம், கோதுமை
- மூன்றாம் ஆண்டு: குறுகிய காலத் துவரை, கோதுமை

மண் பரிசோதனை பார்த்து யூரியாவைக் குறையுங்கள். விளைச்சலோடு உரம், களைக்கொல்லிச் செலவையும் வயல்வாரியாக எழுதி வையுங்கள். மூன்றாண்டுக் கணக்கைப் பார்த்த பிறகு மீதி நிலத்தைப் பற்றி முடிவெடுக்கலாம்.