டேஷ்போர்டு விரிசலுக்குப் பின்பக்கத்தில்தான் வைத்தியம்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது. அந்தத் தலைமுறை வண்டிகள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டன. ஐம்பது ஆகாததால் நம் மோட்டார் வாகன விதிப்படி அவை இன்னும் 'விண்டேஜ்' கணக்கில் சேரவில்லை. வைத்திருப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதுமில்லை. எஞ்சின் வேலைக்கு மெக்கானிக் இருக்கிறார், தகரத்துக்கு டிங்கர் இருக்கிறார். மீட்டரைச் சுற்றியிருக்கும் சட்டம், ஸ்டீயரிங் தண்டின் மூடி, கதவுக் கைப்பிடியின் கிண்ணம் போன்ற உள்பக்க பிளாஸ்டிக் விரிந்தால்தான் ஆள் கிடைப்பதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினாலும் கையில் வருவது அதே வயதுள்ள, அதே இடத்தில் விரிந்த இன்னொரு துண்டாக இருக்கலாம்.

பெரும்பாலானோர் முதலில் செய்வது, விரிசலின் மேல் ஃபெவிக்விக் விடுவது. அது கண்ணாடிபோல் இறுகும் பசை. குழியில் வண்டி குலுங்கும்போது வளைந்துகொடுக்காது. சுற்றிலும் வெள்ளைப் படலமும் பூக்கும். பிறகு முறையாக வேலை செய்ய உட்கார்ந்தால், அதைச் சுரண்டி எடுக்கவே பாதி நேரம் போய்விடும். முன்பக்கம் அழகுக்கு, பலம் பின்பக்கத்துக்கு என்று பிரித்துக்கொண்டால் வேலை ஒழுங்காக நடக்கும்.

கழற்றுவது

பழைய பிளாஸ்டிக் குளிரில் முறுகி இருக்கும். வண்டியை அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு மீட்டர் பக்கம் போங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். அகலமான மூங்கில் பட்டையே போதும். வராத இடத்தில் இழுக்காதீர்கள், அங்கே இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். உடைந்த கிளிப்பையும் சில்லையும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்ன பிளாஸ்டிக்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பசை வாங்காதீர்கள். சில பாகங்களின் பின்புறத்தில் ஏபிஎஸ், பிபி என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். பழைய வண்டிகளில் அது இல்லாமலும் போகலாம். அப்போது கண்ணுக்குத் தெரியாத மூலையில் அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். ஏபிஎஸ் என்றால் அந்த இடம் பளபளத்துப் பிசுபிசுக்கும், பஞ்சில் கறுப்பு ஏறும், விரலால் தொட்டு எடுத்தால் மெல்லிய நூல் இழுக்கும். பிபி, அதாவது பாலிப்ரோப்பிலீன் என்றால் ஒன்றுமே நடக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு சில்லைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். தோல்போல மெத்தென்று இருக்கும் மேலுறை பிவிசியாக இருக்கலாம். அதில் சூடான இரும்பை வைக்கவே கூடாது, வருவது அமிலப் புகை.

அடுத்தது கழுவுவது. பல வருஷமாகத் தடவிய டேஷ்போர்டு பாலிஷில் சிலிக்கோன் இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் வட்டவட்டமாக விலகிக் குழி விழும். பாத்திரம் கழுவும் திரவத்தால் இரண்டு முறை தேய்த்து, காய்ந்ததும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், ஏபிஎஸ்ஸை அது தின்றுவிடும்.

விரிசலை நிறுத்துவது, ஒட்டுவது

விரிசல் முடியும் நுனியைத் தேடிப் பிடித்து, அங்கே 2 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கூரான நுனி இருக்கும்வரை விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும்; வட்டத் துளையில் அந்த இழுவிசை பரவிவிடுவதால் நின்றுவிடும். பின்பக்கம் விரிசலின் நெடுக, பாதி ஆழத்துக்கு 'வி' வடிவப் பள்ளம் வெட்டி, இருபுறமும் ஓர் அங்குல அகலத்துக்கு 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள்.

ஏபிஎஸ் என்றால் பசையே வேண்டாம், அதையே கரைத்து அதிலேயே பூசலாம். சேர்த்து வைத்த சில்லுகளை மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டால் கூழாகிவிடும். தோசை மாவுப் பதம் சரி. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும். சுத்த அசிட்டோன் லேப் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். சட்டெனத் தீப்பற்றும் சரக்கு என்பதால் அடுப்பு, சிகரெட் பக்கம் கொண்டுபோகாமல் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

முதலில் சிறு தூரிகையால் வெறும் அசிட்டோனை விரிசலில் தொட்டு வையுங்கள். அது தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். விளிம்புகள் இளகியதும் சேர்த்து அழுத்தி, முன்பக்கம் டேப் போட்டு நிறுத்துங்கள். பிறகு பள்ளத்தில் கூழைத் தடவி, மேலே மெல்லிய எவர்சில்வர் வலைத் துண்டை (பழைய டீ வடிகட்டியின் வலை போதும்) பதித்து, இன்னும் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்கட்டும். ஒரேயடியாக அப்பினால் அசிட்டோன் உள்ளே சிக்கி, காயும்போது சுருங்கிப் பேனலையே கோணலாக்கிவிடும். இரண்டு நாள் தொடாதீர்கள்.

பிபி இதற்கெல்லாம் மசியாது, சாதாரணப் பசை எதுவும் அதில் நிலையாகப் பிடிக்காது. 25 வாட் சால்டரிங் இரும்பால் அதே வலையைப் பின்பக்கம் உருக்கிப் பதித்து, பிபி என்றே பொறித்த இன்னொரு துண்டிலிருந்து சீவிய கீற்றுகளை மேலே உருக்கி நிரப்ப வேண்டும். புகை வந்தால் சூடு அதிகம். கருகிய பிளாஸ்டிக்குக்குப் பலம் கிடையாது.

ஸ்க்ரூ துளை

உள்பக்க விரிசல்களில் பல ஸ்க்ரூ துளையில்தான் பிறக்கின்றன. வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். ஸ்க்ரூவை இறுக்கிப் பூட்டிவிட்டால் அது நகர இடமில்லாமல், பலவீனமான இடத்தைப் பார்த்துப் பிளக்கும். அதற்குள் புற ஊதாக் கதிர் ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர் பங்கைக் கெடுத்து, பிளாஸ்டிக்கை முறுக வைத்திருக்கும். எனவே துளையைச் சரிசெய்யும்போதே மேல்பேனலில் அதை அரை மி.மீ. பெரிதாக்கி, ஸ்க்ரூ தலைக்குக் கீழே அகல வாஷர் போடுங்கள். ஸ்க்ரூ இறங்கும் குழாய் பிளந்திருந்தால், அளவான பித்தளை வளையம் ஒன்றை வெளியே மாட்டி, இடைவெளியில் அரால்டைட் விடுங்கள். அது ஏபிஎஸ்ஸில் நன்றாகப் பிடிக்கும். பிபி குழாயில் வளையத்தை இறுக்கமாக ஏற்றுவதுதான் வழி.

முன்பக்கம்

இங்கே கொஞ்சம் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும். வழவழப்பான பரப்பில் விரிசலை மறைத்துவிடலாம். 320, பிறகு 600 எண் வாட்டர் பேப்பர் பிடித்துப் பெயின்ட் அடித்தால் தெரியாது. தோல் வரி போட்ட பரப்பில் தேய்த்த இடம் மொட்டையாகிவிடும். டெக்ஸ்சர் ஸ்ப்ரேயை அந்தக் கோட்டில் மட்டும் அடித்தால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும், அடித்தால் பேனல் முழுக்க அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், மயிரிழைக் கோடு மட்டும் மிஞ்சியிருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவேன். பெயின்ட் அடிப்பதாக இருந்தால் பிபிக்குப் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். இல்லையென்றால் நகம் பட்டாலே தோல் உரியும். எந்தப் பெயின்டையும் முதலில் பின்பக்கம் அடித்துப் பாருங்கள்.

மாட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் கையால் பாதி ஏற்றிவிட்டு, மாறி மாறி முடுக்குங்கள். தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டு பேனல் உரசும் இடத்தில் ஃபெல்ட் டேப் ஒட்டினால் கிறீச் சத்தம் வராது. காணாமல்போன கிளிப்புக்கு வேறு கிளிப் கிடைக்கும்வரை அந்த மூலையை ஸ்க்ரூ போட்டு இழுத்துக் கட்டாதீர்கள்.