குறிகாட்டுவானுக்கு அப்பால் தனியே போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தனியே புறப்படும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் நெடுந்தீவுக் குதிரைகளையும் ஒல்லாந்தர் கோட்டையையும் பற்றித்தான். கோட்டை எங்கும் போய்விடாது. குதிரை ஓடும், ஆனாலும் தீவைவிட்டு ஓடாது. அங்குள்ள சனங்களோடு எப்படிப் பழகுவது என்று கேட்பவர்கள் குறைவு. ஆகவே அதைத்தான் கூடுதலாகச் சொல்லப்போகிறேன்.

1. யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ்ஸிலேயே ஏறுங்கள். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் படகுத்துறைக்குப் போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். அந்த பஸ்ஸில் தீவுப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கும் ஆசிரியைமார் இருப்பார்கள். படகு நேரத்தைக் கைபேசியில் தேடாமல் அவர்களிடம் கேளுங்கள். இன்றைக்கு எந்தப் படகு பழுது, எது ஆள் சேரும்வரை நிற்கும் என்பதெல்லாம் நாளாந்தம் போய்வருகிறவர்களுக்கே தெரியும்.

2. நயினாதீவு கால் மணித்தியாலப் பயணம்தான், படகுகளும் அடிக்கடி உண்டு. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் போகவேண்டும், படகுகளும் குறைவு. நெடுந்தீவின் மாவிலித்துறையில் கால் வைத்ததும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்டுக்கொண்டு பிறகு நடவுங்கள்.

3. “எவடம் தம்பி? ஆரின்ரை வீட்டுக்குப் போறியள்?” என்று படகில் ஏறிய முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது கேட்பார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு இது எரிச்சலாக இருக்கிறது. “சும்மா பார்க்க வந்தனான்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. தீவில் முகம் தெரியாத ஒருவரை ஏதாவது ஓர் ஊரோடு, ஒரு குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவர்களுக்கு மனம் ஆறும். ஆகவே ஊரைச் சொல்லுங்கள், செய்கிற வேலையைச் சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் என்றால் மண்டபம் அகதி முகாமில் இருந்த மச்சானைப் பற்றி விசாரிப்பார்கள். கனடா என்றால் ஸ்காபரோவில் எந்தத் தெரு என்பார்கள். பிறகு பக்கத்து இருக்கை அம்மா உங்களைக் கேட்காமலே தன் மரக்கறிப் பையைத் தூக்கி உங்கள் மடியில் வைப்பார். வைத்திருங்கள். இறங்கும்போது நீங்களே தூக்கிக்கொண்டு நடவுங்கள். அவர் வீட்டுப் படலை வருவதற்குள், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தக் கடையில் சோறு கிடைக்கும், யாருடைய ஓட்டோவில் ஏறக்கூடாது எல்லாம் தெரிந்துவிடும்.

4. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே கரையில் இருக்கின்றன. தெற்கிலிருந்து வெள்ளை உடுத்துப் பஸ் பஸ்ஸாக வரும் சிங்கள யாத்திரிகர்கள் உங்களோடு ஒரே படகில் இருப்பார்கள். பாஷை தெரியாதென்று கடலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்கேயும் முதல் கேள்வி “கொஹெந்த?” (எங்கிருந்து?) என்றுதான் வரும். ஊரின் பெயரைச் சொல்லிச் சிரித்தால் போதும், கடலை உருண்டை கைமாறும். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும். அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானப் பந்தியில் உட்காருங்கள். தனியே வந்தவருக்கு அதைவிட நல்ல இடம் அந்தத் தீவில் இல்லை. ஆனித் திருவிழாக் காலத்தில் மட்டும் முதற்பயணத்தைத் தவிருங்கள். அந்த நெரிசலில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது.

5. மாசி, பங்குனியில் போங்கள். சோளகம் எனும் தென்மேற்குக் காற்று கிளம்பினால் நெடுந்தீவுக் கடல் படகைத் தூக்கிப் போடும். வாடைக்காலத்தில் சேவையே நின்றுபோவதும் உண்டு. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலை வாசித்துவிட்டுப் போவது உங்கள் விருப்பம். பாதுகாப்பு அங்கியைப் போடுவது விருப்பமல்ல.

6. நெடுந்தீவில் சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். பவளக்கல் மதில்களுக்கு இடையில் மோட்டார் சைக்கிளில் பறக்கிறவரை யாரும் நிறுத்திக் கதைப்பதில்லை. அந்த மதில்களில் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கியிருப்பார்கள், ஏறி உட்காராதீர்கள். கோடையில் குதிரைகள் தண்ணீருக்காக அலையும். படத்துக்காக அவற்றைத் துரத்துகிற கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

7. புங்குடுதீவில் கூரை போன பெரிய வீடுகளைக் காண்பீர்கள். போரில் விட்டுப்போனவை. உரிமையாளர்கள் பாரிசிலோ ரொறன்ரோவிலோ இருப்பார்கள். வாசலில் நிற்கலாம், உள்ளே போகவேண்டாம்.

8. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் சென்றவர்களில் பலர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நினைவிடம் துறையடியிலேயே இருக்கிறது. இதைப் பற்றி நீங்களாக வாயைக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் இடையில் நேரம் பார்க்காதீர்கள், படகு போனாலும்.

9. தனியே போகும் பெண்பிள்ளைகள் இரவு தங்குவதென்றால் விடுதியைப் படகு ஏறுமுன்பே ஒழுங்குசெய்யுங்கள். வழியில் பழகிய ஆசிரியை ஒருவரிடம் எங்கே தங்குகிறீர்கள் என்று சொல்லிவையுங்கள். பின்னேரம் அவர் வீட்டிலிருந்து யாராவது வந்து ஒருதரம் எட்டிப் பார்க்கவும் கூடும்.

10. தீவுச் சனங்கள் தங்கள் வீட்டில் தந்த தேத்தண்ணிக்குக் காசு நீட்டாதீர்கள். அவர்கள் விற்கிற கருவாடோ ஒடியலோ இருந்தால் விலை பேசாமல் வாங்குங்கள். யாரையாவது படம் எடுத்தால், அச்சடித்து அனுப்புகிறேன் என்று வாய்க்கு வந்தபடி சொல்லக்கூடாது. சொன்னால் அனுப்பவேண்டும். முகவரி பெரிதாகத் தேவையில்லை. உறையில் பெயரையும் எத்தனையாம் வட்டாரம் என்பதையும் எழுதிக் குறிகாட்டுவானில் படகுக்காரரிடம் கொடுங்கள், போய்ச் சேரும்.