மக்காவுக்கும் மதீனாவுக்கும் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?



உம்ராவுக்குப் பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி கேட்பது இது: "மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஃப்ளைட்டில் அனுப்பினால் அத்தாவுக்கு அலைச்சல் குறையுமா?" அன்பினால் கேட்கும் கேள்விதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வருகிறது.

இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 340 கி.மீ. மலைகளைச் சுற்றிச் செல்லும் சாலையில் சுமார் 450 கி.மீ.; ஏறத்தாழ சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம். ஒட்டகக் கூட்டங்கள் பத்துப் பன்னிரண்டு நாட்களில் கடந்த இந்தத் தூரத்தை இன்று கார் நாலரை மணி நேரத்திலும், குழுவினரின் பஸ் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நின்று ஐந்தாறு மணி நேரத்திலும் கடக்கின்றன.

மக்காவில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. எனவே முதலில் சுமார் 100 கி.மீ. பயணித்து ஜித்தா விமான நிலையம் போக வேண்டும்; அதற்கே ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். வானில் இருப்பது ஒரு மணி நேரம்தான். இறங்கிப் பெட்டிகளை எடுத்து, மஸ்ஜிதுந் நபவிக்கு இன்னும் 15 கி.மீ. எல்லாவற்றையும் கூட்டினால் பஸ்ஸின் நேரமே வந்துவிடுகிறது. வரிசைகளும் படிக்கட்டுகளும் அதிகம். முழங்கால் வலிக்காரருக்கு இது ஓய்வல்ல.

உண்மையில் நேரத்தைக் குறைப்பது 2018-இல் ஓடத் தொடங்கிய ஹரமைன் ரயில். மணிக்கு 300 கி.மீ. வரை செல்லும் இது, ஜித்தா வழியாகச் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கிறது. இரண்டு ஊர்களிலும் ஸ்டேஷன் ஹரமுக்கு அருகில் இல்லை. டாக்ஸிக்கு நேரம் ஒதுக்குங்கள். பெட்டிகளுக்கும் அளவு உண்டு. குழுவோடு செல்பவர்கள் பஸ்ஸிலேயே போவதுதான் நமக்கு நல்லதாகப் படுகிறது. தனியாகச் செல்லும் வயதான தம்பதிக்கு ரயில்.

எதில் சென்றாலும் தொழுகைச் சட்டம் தூரத்தைப் பார்க்கிறது, நேரத்தை அல்ல. கஸ்ருக்குரிய எல்லை ஏறத்தாழ 80 கி.மீ. இரண்டரை மணி நேரத்தில் போய்விட்டாலும் அவர் முஸாஃபிர்தான். லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. புறப்படும் முன் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதீனாவிலிருந்து உம்ராவுக்காக மக்கா வருவோருக்கு மீக்காத், துல்ஹுலைஃபா. மதீனாவிலிருந்து பத்துக் கி.மீ. தூரம்கூட இருக்காது. பஸ் அங்கே நிற்கும், ரயில் நிற்காது. ரயிலில் வருபவர்கள் தங்குமிடத்திலேயே குளித்து இஹ்ராம் அணிந்து, எல்லையைக் கடக்கும் முன் நிய்யத் வைத்துவிட வேண்டும். ஊரிலிருந்து நேராக ஜித்தாவில் இறங்கி உம்ரா செய்வோர் விமானத்திலேயே மீக்காதைக் கடக்கிறார்கள். அவர்கள் அதற்கு முன்பே இஹ்ராமில் இருக்க வேண்டும். முதலில் மதீனாவில் இறங்குவோருக்கு இந்தச் சிரமம் இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே எந்த ஊர் முதலில் என்று கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின், மாத்திரை, இரண்டு பேரீத்தம்பழம், தண்ணீர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பஸ்ஸின் அடிப்பெட்டியில் போட்டால் வழியில் எடுக்க முடியாது. அந்தச் சூட்டில் இன்சுலின் கெட்டும்விடும்.