கிளாஸ்கோ மழைக்கு ஒரு ஜக்கெற்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று ஜக்கெற் படங்களையும் பெரியம்மாவும் நானும் பெரிசாக்கிப் பார்த்தோம். பெரியம்மாவுக்குக் கறுப்புத்தான் பிடித்திருக்கிறது. அவ சைக்கிள் ஓடுவதில்லை.

விலை கூடினது உண்மையிலேயே பெறுமதியா என்று கேட்டிருந்தாய். முடிவு உன்னுடையது. உழைக்கிறவள் நீ, நனையப்போகிறவளும் நீ. என் அபிப்பிராயத்தை மட்டும் எழுதுகிறேன். இரவு ஷிஃப்ற் முடிந்து விடியாத காலையில் சைக்கிளில் வீடு திரும்புகிறாய் என்று உன் அம்மா சொன்ன நாளில் இருந்து எனக்கு நித்திரை குறைவு. அதை இதோடு சேர்த்துக் குழப்ப மாட்டேன்.

முதலில் மழை. வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் கிளாஸ்கோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு இடத்திலும் ஆயிரம் மில்லிமீற்றருக்குச் சற்று மேலே. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்துவிடும். உங்களுக்கு அதையே வருஷம் முழுக்கத் தவணைமுறையில் தருகிறார்கள். ஆகவே உனக்கு வேண்டியது புயலுக்கான ஜக்கெற் இல்லை. தூறலில் நனைந்து, காய்ந்து, மறுநாள் திரும்பவும் நனையக்கூடிய ஒன்று.

விற்கிறவர்கள் 10,000 மில்லிமீற்றர், 20,000 மில்லிமீற்றர் என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் உள்ளே கசியும் என்ற கணக்கு அது. பத்தாயிரம் என்றால் பத்து மீற்றர் உயரத் தண்ணீர். பார்ட்டிக்கில் இருந்து கொவன் ஆஸ்பத்திரிவரை உன் தலைக்கு மேல் அவ்வளவு தண்ணீர் நிற்கப்போவதில்லை. பத்தாயிரம் போதும். அந்த எண்ணைப் பார்க்கிற நேரத்தில் ஜக்கெற்றை உள்பக்கம் திருப்பி, தையல் ஓடுகிற இடமெல்லாம் ரேப் ஒட்டியிருக்கிறார்களா என்று பார். தண்ணீர் ஊசித் துளையால்தான் வரும்.

அடுத்தது கோர்-ரெக்ஸ். உன் அப்பா போனில் அரை மணித்தியாலம் அதைப் பற்றித்தான் கதைத்தான். 1969இல் அமெரிக்காவில் பொப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பொருள் ஒன்றைச் சூடாக்கி மெதுவாக இழுத்து இழுத்துச் சரிவராமல், சட்டென்று வெடுக்கென இழுத்தபோது அது பல மடங்கு நீண்டு, நுண்துளை நிறைந்த படலமாகிவிட்டது. மழைத்துளி நுழைய முடியாத துளைகள், ஆனால் வியர்வை ஆவி வெளியேறலாம். நல்ல கண்டுபிடிப்பு, மறுப்பில்லை. ஒருகாலத்தில் அதற்காகத்தான் விலை கூடின ஜக்கெற் வாங்கினார்கள். இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு படலம் வைத்திருக்கிறது. உன் தூரத்துக்கு அவற்றுக்கிடையில் நீ வித்தியாசம் காணமாட்டாய்.

அந்தப் படலத்துக்கு மேலே இருக்கிற துணியில்தான் விஷயமே இருக்கிறது. அதில் தண்ணீர் உருண்டோடுகிற ஒரு பூச்சு இருக்கும். பூச்சுத் தேய்ந்தால் மேல்துணி ஊறிவிடும், ஆவி போக வழியில்லை, வியர்வையில் உள்ளுக்கு நனைவாய். ஜக்கெற் ஒழுகுது என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் வியர்வையில்தான் நனைந்திருக்கிறார்கள். முந்தி இந்தப் பூச்சுகளில் புளோரின் சேர்ந்த இரசாயனங்கள் இருந்தன. மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன என்று இப்போது கைவிடுகிறார்கள். கோர் கம்பெனியே 2022இல் இருந்து அவை இல்லாத வேறொரு படலத்தை விற்கிறது. நல்லதுதான். ஆனால் புதுப் பூச்சுகள் எண்ணெய்க்கும் ஊத்தைக்கும் அவ்வளவு தாக்குப்பிடிக்காது, அடிக்கடி கழுவ வேண்டும். இதற்கென்று விற்கிற கழுவு திரவத்தில் கழுவி, லேபிளில் அனுமதி இருந்தால் மெல்லிய சூட்டில் காயவிடு. அந்தச் சூட்டில் பூச்சு ஓரளவு திரும்ப எழும்பும். துணிக்கு வாசமாக ஊற்றுகிற மென்மையாக்கியைக் கிட்டவும் கொண்டுபோகாதே. உன் அம்மா எல்லாவற்றுக்கும் அதை ஊற்றுவா. முந்நூறு பவுண் ஜக்கெற்றும் ஒரே கழுவலில் ஐம்பது பவுண் ஜக்கெற்றாகிவிடும்.

அப்படியானால் முந்நூறு பவுணுக்கு என்னதான் தருகிறார்கள்? வெட்டு நன்றாக இருக்கும். குனிந்து ஓடும்போது முதுகு தெரியாது, கை ஏறாது. பாரம் மிகக் குறைவு, மடித்தால் சட்டைப் பையில் அடங்கும். சிலர் கிழிந்தால் தைத்தும் தருவார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் உன் படத்தில் இருக்கிற கறுப்பு, பந்தயக்காரருக்காகத் தைத்தது. அவர்கள் முதுகில் மடிகணினியும் சோற்றுப் பெட்டியும் காவுவதில்லை. தோள்பை வார் உரசினால் அந்த மெல்லிய துணி முதலில் தோளில்தான் போகும். எதை வாங்கினாலும் பையைக் கரியரில் கட்டு. பின்சில்லுக்கு நீளமான மட்காட் போடு. மட்காட் இல்லாமல் ஜக்கெற் பற்றி யோசிப்பதே வீண்.

பெயருக்குக் காசு கொடுக்கிற வியாதி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. லெதர் ஜக்கெற் கதை உனக்குத் தெரியும், ஆனால் உனக்குத் தெரிந்தது உன் அப்பா சொல்கிற கதை. ஈஸ்ற்ஹாமில் ஒரு ஹீற்றருக்கு நாலு பேர் காசு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. சின்னத்தையின் அலுவலுக்கென்று நான் பெற்றோல் நிலையத்தில் இரவிரவாக நின்று சேர்த்த காசில் இருந்து உன் அப்பா கைமாற்றாக எடுத்து அதை வாங்கினான். கழுத்துப் பட்டியில் ஒரு இத்தாலிப் பெயர். முதல் மழையில் சாயம் சேட்டில் இறங்கியது. திருப்பித் தந்துவிட்டேன் என்பான். பாதிதான் தந்தான், சின்னத்தையைக் கேள், அவவுக்குத் தெரியும். காசுக்காகச் சொல்லவில்லை. அந்த விண்டர் முழுக்க இருமிக்கொண்டு, பெயர் தெரியவேண்டும் என்று கழுத்தைத் திறந்துவிட்டபடி திரிந்தான். அதைத்தான் சொல்கிறேன். அப்புவின் ரலி சைக்கிளும் பெயர்தானே என்று வாதாடுவான். அப்பு பெயர்த்தகடு கழன்று விழுந்த பிறகும் அந்த ரலியைத்தான் ஓடினார்.

2013இல் இத்தாலியில் மிலான்–சான்ரெமோ பந்தயம் நடந்தபோது பனி கொட்டியது. இடையில் நிறுத்தி, ஓட்டக்காரரை பஸ்ஸில் ஏற்றி மலைப்பாதையைக் கடக்கவைத்தார்கள். அன்றைக்கு வேறு கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்திருந்த பலர் காஸ்ரெல்லியின் 'கப்பா' என்ற சட்டையைப் போட்டு, அதில் இருந்த பெயரைக் கறுப்பு மையால் அழித்துக்கொண்டு ஓடினார்கள். நல்ல பொருளுக்கு விலை உண்டு என்பதற்கு உன் அப்பா இந்தக் கதையைத்தான் தூக்கிக்கொண்டு வருவான். பெயரை அழித்த பிறகும் சட்டை குளிரை மறித்தது என்பதை நீ கவனி. அது முழுவதும் மழை புகாத சட்டைகூட இல்லை. காற்றை மறித்து உடம்புச் சூட்டைக் காத்தது, அவ்வளவுதான்.

இனி நிறம். மார்கழியில் உனக்கு விடிய எட்டே முக்கால், இருள மூன்றே முக்கால். நீ கறுப்பில் போனால் லொறிக்காரனுக்கு நீ இல்லை. டென்மார்க்கில் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கான சைக்கிள்காரரை எடுத்து, பாதிப்பேருக்குப் பளிச்சென்ற மஞ்சள் ஜக்கெற் கொடுத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். போட்டவர்களுக்குக் காயப்பட்ட விபத்துகள் 47 சதவீதம் குறைவு. ஓட்டியவர்கள் தாங்களே அறிவித்த கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள், மிஞ்சுவதே எனக்குப் போதும். ஆனால் அந்த மஞ்சள் பகலுக்கும் மங்கலுக்கும்தான். இரவில் கார் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற வெள்ளிப் பட்டி வேண்டும். ஜக்கெற்றில் இருப்பது போதாது, கணுக்காலிலும் ஒன்று கட்டு. மிதிக்கும்போது அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தால்தான் மனிசர் போகிறார் என்று சாரதிக்குப் பிடிபடும்.

2024இல் திறந்த கொவன் பாலத்தில் கார் இல்லை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. பாலத்துக்கு அங்கால் லொறி இருக்கிறது. சந்தியில் லொறிக்கு இடப்பக்கம் நிற்காதே. அது இடப்பக்கம் திரும்பினால் கண்ணாடியில் உன்னைத் தெரியாது. பச்சை விழுந்தாலும் அதைப் போகவிட்டுப் போ. ஜக்கெற் பற்றிய கடிதத்தில் ஏன் லொறி என்று கேட்பாய். எனக்கு இரண்டும் ஒரே விஷயம்.

சரி, நீயே தெரிவு செய். நூறு பவுணை ஒட்டி, தையலுக்கு ரேப் ஒட்டிய, கக்கத்தில் காற்றுக்குச் சிப் வைத்த, பின்பக்கம் நீண்ட மஞ்சள் ஜக்கெற் ஒன்று. ஸ்கொட்லாந்திலேயே தொண்ணூறுகளில் தொடங்கிய எண்டூராவிலும் பார், டெக்கத்லோனிலும் பார். கடையில் நேராக நின்று கண்ணாடி பார்க்காதே. உள்ளே ஸ்வெற்றரோடு போட்டு, கைபிடியைப் பிடிப்பதுபோல் குனிந்து பார். அல்லது கறுப்பு. உன் விருப்பம்.

கனக்க எழுதிவிட்டேன், கோவிக்காதே. நீ எதைப் போட்டாலும் வடிவுதான், இதைப் பெரியம்மா சொல்லச் சொன்னா, நானும் சொல்கிறேன். இரவு முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு மழையில் மிதித்து வருகிற பிள்ளைக்கு நான் என்ன பெரிதாகப் புத்தி சொல்ல இருக்கிறது. உன் கணக்கில் 120 பவுண் போட்டிருக்கிறேன். முன்னும் பின்னும் பூட்டுகிற லைற் இரண்டையும் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கறுப்பைத்தான் மனம் கேட்கிறது என்றால் சொல், மிச்சக் காசையும் தருகிறேன். மேலே போட ஒரு மஞ்சள் பட்டி வாங்கிக்கொண்டால் சரி. உன் அப்பாவிடம் மட்டும் சொல்லாதே.

வீடு வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு நாளும் பெரியம்மாவின் போனுக்கு ஒரு சொல் போடு. என் போனில் எழுத்துச் சின்னன், எனக்குத் தெரிவதில்லை.

உன் அன்புப் பெரியப்பா