உட்கார்ந்து உழைக்கும் ஊர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நம் காஞ்சியில் நெசவாளர் நாள் முழுவதும் குழித்தறியில் அமர்ந்தே உழைக்கின்றனர். கால்கள் மிதிபலகையை மிதித்தாலும் உடல் இடம்விட்டு நகர்வதில்லை. மாணவியராகிய நாமும் அமர்ந்தே படிக்கிறோம். இவ்வாறிருந்தால் உடல் பருக்கும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் எளிதில் வரும்.

எடை குறையக் காலை உணவைத் தவிர்ப்பது முறையன்று. வளரும் வயதில் பட்டினி சோர்வையே தரும். மந்தாரை இலையில் ஆவியில் வேகும் நம் ஊர் இட்லி நல்லுணவே. எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பானமுமே குறைய வேண்டும்.

5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பள்ளிக்கு நடப்போம். மாலையில், தறியிலும் கடையிலும் அமர்ந்து களைத்த பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ராஜ வீதிகளில் நடப்போம். அவர்கள் நலமே நம் செல்வமன்றோ!